மேல் குழாய், நடுக் குழாய், கீழ்க் குழாய்

எனக்கு முதலில் வலி வந்தது இடது முழங்காலில். உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. எழுந்தால் உள்ளே யாரோ மணலைப் போட்டு அரைப்பது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் அடுக்களை வரைக்கும் போகும். "எழுந்தாச்சா" என்று என் வீட்டுக்காரி அங்கிருந்தே கேட்பாள். விசாரணை அதிகாரி ஐயா, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் இதுதான் முதல்.

நான் எதையும் மறுக்கப் போவதில்லை. செத்த உயிர் எத்தனை என்று உங்கள் குற்றப்பத்திரிகையில் போடவில்லை. லேப் தங்கச்சி ஒரு தடவை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஐந்து எழுதி, அதற்குப் பின்னால் பதினாறு சைபர். அத்தனையும் மூன்று நாளில், பசியில் போனது. போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான் கெட்டவன் இல்லை என்பதையும் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தாளில் வரட்டும்.

எங்கள் ஆலையில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வளர்க்கிறோம். அது வளர்கிற தொட்டிக்கு நெட்டையன் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான். நாலு ஆள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். உயரம் ஆறு மாடி. உள்ளே சர்க்கரைப் பாகு கரைத்த தண்ணீர், ஐம்பதாயிரம் லிட்டர். அதைக் கலக்க மத்தோ துடுப்போ கிடையாது. அடியில் பொடி ஓட்டை போட்ட ஒரு வளையம் இருக்கிறது. கம்ப்ரெஸர் அதன் வழியாகக் காற்றை ஊதும். குமிழிகள் நடுவில் கும்பலாக மேலே ஏறும், ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். போன தண்ணீர் சுவரோரமாக இறங்கி வரும். கலக்கல் முழுவதும் அந்தக் குமிழிகளின் வேலைதான்.

போகிற வழியில் குமிழியில் இருக்கும் காற்று தண்ணீரில் கரையும். ஈஸ்ட் அதைத்தான் சுவாசிக்கிறது. சின்னக் குமிழி மெதுவாக ஏறும், இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகும். பெரிய குமிழி அப்படியில்லை. விருந்தில் கை கழுவியதும் செருப்பைத் தேடுகிற சொந்தக்காரன் மாதிரி, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இதெல்லாம் தங்கச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. லேப்பில் வேலை பார்த்த பெண். அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன், அவ்வளவுதான் உறவு.

இப்போது படி விஷயத்துக்கு வருகிறேன். காற்று கீழேயிருந்து போகிறது, பாகு மேலேயிருந்து சொட்டுகிறது. கலக்கல் சரியில்லை என்றால் மேலே இருக்கிற ஈஸ்ட் தின்று தின்று வீங்கும், கீழே இருப்பது பட்டினி கிடக்கும். ஆகவே மேல் குழாய், நடுக் குழாய், கீழ்க் குழாய் மூன்றிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து லேப்பில் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பகல் ஷிப்டில் நாலு தடவை. லேப் பகலில்தான் திறந்திருக்கும், பகலில் நான்தான் இருப்பேன். நடுக் குழாய் ஐம்பத்தாறாவது படியில். மேல் குழாய் நூற்றுப் பன்னிரண்டாவது படியில். இரும்புப் படி, இடுக்கு இடுக்காக ஓட்டை, கீழே பார்த்தால் தரை தெரியும்.

என் அப்பா மூட்டை தூக்கியவர். அம்மா செங்கல் சுமந்தவள். உழைப்பு உயர்ந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தூர நின்று பார்த்தவர்கள்தான் சொன்னார்கள். உருட்ட முடிந்ததைத் தூக்காதே, இழுக்க முடிந்ததை உருட்டாதே என்பதுதான் எங்கள் வீட்டு வேதம். நான் அதற்கு மேலே எதையும் சேர்க்கவில்லை.

முறைப்படி மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், முழங்கால் வலிக்குது. மேல ஏற முடியல."

"எனக்குக் கழுத்து வலிக்குது. தலையக் கழட்டி வெச்சுட்டா வேலை பாக்குறேன்?"

நியாயமான கேள்வி. வந்துவிட்டேன்.

அன்று மதியம் கீழ்க் குழாயில் நின்று யோசித்தேன். குமிழி இவ்வளவு பாடுபட்டு மேலே இருப்பதைக் கீழே கொண்டுவருகிறது. இரண்டே நிமிஷத்தில் மொத்தமும் ஒரு சுற்று சுற்றிவிடும் என்று தங்கச்சியே சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் மேலே இருக்கும் தண்ணீர் இரண்டு நிமிஷத்தில் என்னைத் தேடி இங்கே வரப்போகிறது. அது வருகிற இடத்தில் நான் நின்றுகொண்டு, அது இருந்த இடத்துக்கு நான் எதற்குப் போக வேண்டும்? மூன்று பாட்டிலையும் கீழ்க் குழாயிலேயே பிடித்தேன். மேல், நடு, கீழ் என்று சீட்டு ஒட்டினேன். ஐயா, இன்றைக்கும் சொல்கிறேன், அதில் தப்பு எதுவும் இல்லை.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் தங்கச்சி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னண்ணே, மூணுலயும் சர்க்கரை அச்சு அசலா ஒண்ணா இருக்கு. முன்னெல்லாம் மேல கொஞ்சூண்டு தூக்கலா வரும். ஒரே குழாயில புடிச்சுட்டீங்களோ?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். கிண்டல்தான். ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். அடுத்த தடவை டீ அறைக்குப் போனபோது இரண்டு விரலில் ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்து மேல் பாட்டிலில் போட்டேன். நடுப் பாட்டிலுக்கு அரைச் சிட்டிகை. கீழ்ப் பாட்டிலில் கை வைக்கவில்லை. அது உண்மையாகவே கீழ்ப் பாட்டில் என்பதால் அதற்கு ஒரு மரியாதை.

இந்த வேலை பார்க்கத்தான் சுலபம். ஈஸ்ட் என் மாமனார் மாதிரி. முன்னால் தட்டு வைத்தால் பேச்சு கிடையாது. டீ அறையில் போட்ட சர்க்கரையை, லேப்புக்கு நடந்து போவதற்குள் தின்று தீர்த்துவிட்டது. தின்றது மட்டுமில்லை, ஒருநாள் உள்ளே வாயு கட்டி, தங்கச்சி கையில் வாங்கும்போது மூடி தெறித்து அவள் நெற்றியில் பட்டது. "அண்ணே, இது ஏன் இவ்வளவு கோவமா இருக்கு" என்றாள். அதிலிருந்து சர்க்கரையைச் சட்டைப் பையில் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டு, லேப் வாசலில் வந்து போடுவேன். தொழில் என்றால் அப்படித்தான், செய்யச் செய்யத்தான் கை படியும்.

தங்கச்சி கெட்டிக்காரி. அதுதான் எல்லாருக்கும் கஷ்டமாகப் போயிற்று. மந்தமான ஆளாக இருந்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். மேலே சர்க்கரை தேங்குகிறது, ஆக நெட்டையன் சரியாகக் கலக்குவதில்லை என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அவளிடம், "நீங்கதானே கண்டுபுடிச்சீங்க, நீங்களே சரி பண்ணுங்க. சரி பண்ணா வேலை நிரந்தரம், இல்லேன்னா வேற இடம் பாத்துக்கங்க" என்றார். அவளுக்கு அப்போது தற்காலிக வேலை. இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

அவள் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு நாளும் எழுதினாள். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். திங்களிலிருந்து வெள்ளி வரை மேலே சர்க்கரை அதிகம். சனிக்கிழமை மட்டும் மூன்றும் சமம். ஊரில் எல்லாருக்கும் சனிக்கிழமை சனி பிடிக்கும், நெட்டையனுக்கு மட்டும் அன்றைக்குத்தான் விடுகிறது.

"ஏன் அண்ணே இப்படி?"

ஏன் என்று எனக்குத் தெரியும். டீ அறையில் திங்கட்கிழமை ஒரு வாரத்துக்குச் சர்க்கரை வரும். வெள்ளி சாயங்காலம் தீர்ந்துவிடும். சனிக்கிழமை எல்லாரும் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு டீக்கார மாமாவைத் திட்டுவார்கள். வீட்டிலிருந்து சர்க்கரை கொண்டுவந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கம்பெனி வேலைக்கு என் வீட்டுச் சர்க்கரையை எதற்குச் செலவழிக்க வேண்டும்? அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

"வெளியில எதாவது மாறுதோ என்னவோ" என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் சுற்றி விசாரித்து, பக்கத்துச் சாயப்பட்டறை சனிக்கிழமை மூடியிருக்கும் என்று கண்டுபிடித்தாள். பட்டறை ஓடாததால் அன்று கரண்ட் சீராக வருகிறது, கம்ப்ரெஸர் ஒழுங்காக ஊதுகிறது, குமிழி ஒரே அளவாக வருகிறது, கலக்கல் நன்றாக இருக்கிறது. இதை அவள் படம் போட்டு விளக்கினபோது எனக்கே அது உண்மை என்று பட்டது. கரண்டைச் சீராக்க ஒரு பெரிய இயந்திரம் வாங்கி வைத்தார்கள். மாட்டின அன்றைக்கு அவள் விரலை மடக்கி மடக்கி நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த வாரம் நான் பொட்டலம் கட்டவில்லை.

மூன்று பாட்டிலும் சமமாக வந்தது. மேனேஜர் லேப்புக்கே வந்து கை கொடுத்தார். அவள் என்னிடம் ஓடிவந்து, "அண்ணே, உங்க பாட்டில நம்பித்தான் இவ்வளவும் செஞ்சேன்" என்றாள். நல்லது செய்தேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் இரண்டு வாரம் ஒரே மாதிரி வந்ததும் அவள் மறுபடியும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். "இவ்வளவு துல்லியமா வருமாண்ணே?" என்றாள். வேறு வழியில்லாமல் டீ அறைக்குப் போனேன்.

டீக்கார மாமா மேஜை மேல் ஒரு பூட்டுப் போட்ட டப்பா வைத்திருந்தார்.

"வா. சர்க்கரை எறும்பு தின்னுச்சா எருமை தின்னுச்சான்னு தெரியல. என்னை இவனுங்க திருடன்ங்கிறானுங்க. இனிமே கட்டிச் சர்க்கரைதான். ஆளுக்கு நாளைக்கு நாலு கட்டி. எண்ணிக் குடுப்பேன், கையெழுத்துப் போட்டு வாங்கு."

இதுதான் ஐயா, நடந்ததற்கெல்லாம் காரணம். என்னைக் கேட்டால் அந்த டப்பாவைத்தான் நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். சிட்டிகை என்பது ஒரு அளவு. கட்டியில் சிட்டிகை எடுக்க முடியாது. பல்லால் கடித்துப் பார்த்தேன், கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் கையோடு வந்துவிட்டது. சுத்தியலால் நொறுக்கியிருக்கலாம். சுத்தியல் ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர் மாடியில் இருக்கிறது.

நாள் முழுக்க நான் வெறும் டீ குடித்தேன். நாலு கட்டியும் நாலு மேல் பாட்டிலுக்குப் போனது. நடுப் பாட்டிலுக்கு அதிலிருந்தே ஒரு மூடி ஊற்றிக் கலந்தேன். இந்தத் தியாகம் யார் கண்ணிலும் படவில்லை.

தங்கச்சியின் நோட்டில் மேல் குழாயின் சர்க்கரை அளவு ஒன்றிலிருந்து இருபதுக்குத் தாவியது. மேலே பாகு மலை போலக் குவிகிறது, ஈஸ்ட் தின்னவே இல்லை என்று அர்த்தம். பாகைப் பாதியாகக் குறைக்க எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குறைத்தார்கள். மறுநாளும் இருபது. கால்வாசியாக்கினார்கள். இருபது. காற்றைக் கடைசி வரைக்கும் திறந்துவிட்டார்கள். நெட்டையன் உள்ளே கடல் மாதிரி உறுமினான். இருபது. "பாகை நிறுத்துங்க" என்று மேனேஜர் சொன்னார். அந்தத் தாளிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அவர் வாயால் மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு உள்ளே தின்ன எதுவுமில்லை. கீழ்க் குழாயைத் திறந்தால் சர்க்கரை ஒன்றுமில்லாத தண்ணீர் வந்தது. நன்றாகச் சுவாசிக்கக் காற்று இருந்தது, அருமையாகக் கலந்திருந்தது, சோறு மட்டும் இல்லை. அவை தங்களையே தின்ன ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் வாடை மாறியது. மூன்றாம் நாள் தண்ணீர் பழுப்பாக வந்தது. அது பசி என்று அந்த ஆலையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அன்று தங்கச்சி சாப்பிடாமல் லேப் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணே, அதுங்க திங்காம சாகுதா, தின்னுட்டு சாகுதா, ஒண்ணும் புரியல. நீங்க மேல ஏறி இறங்குறீங்க. உங்க கண்ணுக்கு எதாவது படுதா?"

"நான் என்னத்தக் கண்டேன் தங்கச்சி" என்றேன். அப்போது என் கையில் கட்டிச் சர்க்கரை இருந்தது. அவள் உள்ளே திரும்பியதும் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். ஏன் போட்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். இத்தனை நாள் இருபது வந்துவிட்டு இப்போது திடீரென்று பூஜ்யம் வந்தால் அவளுக்குக் குழப்பம்தானே? அந்தப் பெண்ணை மேலும் குழப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஐம்பதாயிரம் லிட்டரையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். ஐந்துக்குப் பின் பதினாறு சைபர் கொழகொழவென்று போவதைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் படியில்தான். கையெழுத்து யாருடையது என்று பார்த்து, அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். நிரந்தரமாக ஒன்பது நாள்தான் பாக்கி. தன் டம்ளரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "உங்களுக்கும் என்னால அலைச்சல்ண்ணே. பாவம், அந்தக் காலோட எத்தனை தடவ ஏறியிருப்பீங்க" என்றாள். "பரவாயில்லம்மா" என்றேன்.

புதிதாக ஈஸ்ட் விட்டார்கள். லேப்புக்கும் புதிதாக ஒருவர் வந்தார். காலில் பெரிய பூட்ஸ். காலையில் ஓடுகிற வழக்கம் உள்ளவராம். முதல் நாளே என்னிடம், "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறுவோம். உடம்புக்கு நல்லது" என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை. எனக்குப் பின்னால் ஏறுவார், அதனால் நடுவில் நிற்கவும் முடியாது. மேல் குழாயிலிருந்து நிஜமான மேல் தண்ணீரைப் பிடித்து வந்து பார்த்தார். மூன்றிலும் சர்க்கரை ஏறக்குறைய ஒன்றுதான். மயிரிழை வித்தியாசம்.

இதைத்தான் ஐயா நீங்கள் கவனிக்க வேண்டும். நான் முதல் நாள் நினைத்தது சரிதான். மூன்று பாட்டிலையும் கீழேயே பிடித்து, ஒன்றும் போடாமல் கொடுத்திருந்தால், அது பொய்யாக இருந்தாலும் உண்மையாகவே இருந்திருக்கும். யாரும் சாக மாட்டார்கள், யாருக்கும் வேலை போகாது. நம்பும்படி இருக்கட்டும் என்று நான் அதற்குக் கொஞ்சம் பூச்சு பூசினதுதான் கெடுத்தது.

சிலருக்கு மனசாட்சி படுக்கையில் விழிக்கும் என்பார்கள். எனக்குப் பன்னிரண்டாம் நாள், எழுபத்தோராவது படியில் விழித்தது. ஒரு அப்பாவிப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு அடைத்தது. மூச்சும் அடைத்தது. இறங்கின கையோடு வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் இந்த விசாரணையே. இது நானாகக் கொடுக்கிற வாக்குமூலம், யாரும் மிரட்டவில்லை, பூட்ஸ்காரரைத் தவிர.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தங்கச்சியை மறுபடி வேலைக்கு எடுங்கள். நீதிக்காகத்தான் கேட்கிறேன். அவள் கெட்டிக்காரி, நேர்மையானவள், ஆளை நம்புகிறவள். லேப்பை விட்டு வெளியே வர மாட்டாள், பாட்டிலை வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். நீங்கள் என்னை நீக்கவில்லை என்றால் அது எனக்கும் வசதி.

அவளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி. லிப்ட் கதவில் பழுது என்று அட்டை தொங்கியது; அட்டையே பழசாகியிருந்தது. அவள் மேலே வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, என்ன இந்தப் பக்கம்? மேல வாங்க."

"சும்மாதான் தங்கச்சி. வழியில வந்தேன்."

"எதாவது விஷயமா? இருங்க, நான் எறங்கி வரேன்."

"வேண்டாம்மா, துணியப் போடு. காயட்டும்."

அவளை இறங்க வைத்து மன்னிப்புக் கேட்பது முறையில்லை. தப்பு செய்தவன்தான் ஏறிப் போக வேண்டும். எனக்கு அந்த அளவுக்கு மரியாதை தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மாடிக்குப் பதினாறு படி, வளைவில் எங்கும் உட்கார இடமில்லை. பிறகு பஸ் வந்துவிட்டது.

ஆக, கம்பெனிக்கு நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன், கையெழுத்துப் போடத் தாளைக் கொடுங்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நேரில் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன். அது இன்னும் பாக்கி.